பொடிசின் மறதிப் பாடத்திட்டம்

காக்கா கறுப்பாகி, கொக்கு வெள்ளையாகி, அலுவலகச் சுவரெல்லாம் பழுப்பாகிப்போன ஒரு காலத்தில், ஒரு ஊர் இருந்ததாம். அந்த ஊரில் ஒரு அடுக்குமாடி. அதன் உச்சியில் ஒரு வீடு. வீட்டில் ஒரு லிஃப்ட் மெக்கானிக், அவர் மனைவி, அவர்களுக்கு ஒரே பெண். பெண்ணுக்கு வயது ஏழு. வீட்டில் அவளைப் பொடிசு என்று கூப்பிடுவார்கள். ஆள்தான் பொடிசு. வாய் அப்படியில்லை.

பொடிசுக்கு ஒரு வியாதி இருந்தது. கேள்வி கேட்கிற வியாதி. வகுப்பில் டீச்சர், "பெருக்கினா எண் பெரிசாகும்" என்று சொன்னால், "பூஜ்யத்தால பெருக்கினா காணாமலே போயிடுதே மிஸ், எங்க போகுது?" என்பாள். டீச்சர் நல்ல மனுஷிதான். ஆனால் அவருக்குப் போர்ஷனை முடிக்க வேண்டியிருந்தது. போர்ஷனும் பொடிசும் ஒரே அறைக்குள் இருக்க முடியாது என்பது சீக்கிரமே தெரிந்துபோனது. போர்ஷனை வெளியே அனுப்ப முடியாது. எனவே பொடிசு வராந்தாவுக்கு வந்தாள்.

வராந்தாவில் சும்மா எவ்வளவு நேரம் நிற்பது? தரைக் கட்டங்களை எண்ணினாள். ஜன்னல் கம்பிகளை எண்ணினாள். எதிர்க் கட்டடத்துக்கு வந்து போகிற புறாக்களைக் கூட்டிக் கழித்தாள். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே வராந்தாவில்தான் கணக்கு நன்றாக நடந்துகொண்டிருந்தது.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. ஒருநாள் சாயங்காலம் பொடிசு வீட்டுக்கு வந்தாள், சாப்பிட்டாள், படுத்துக்கொண்டாள். ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. லிஃப்ட்காரர் எழுந்து போய் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். சத்தம் போடுகிற லிஃப்டுக்கு அவர் பயப்பட மாட்டார். ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று சத்தமில்லாமல் நின்றால்தான் பயப்படுவார்.

"வேணாம்மா. நாமளே வீட்டுல வெச்சுச் சொல்லிக் குடுத்துடலாம்" என்றார் மனைவியிடம்.

மனைவிக்கு ஒரு கம்பெனியில் தொலைபேசிப் புகார் கேட்கிற வேலை. பகலெல்லாம் அந்தக் குரலிலேயே பேசிப் பேசி, வீட்டிலும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது. "உங்கள் கருத்துக்கு நன்றி. நானும் அதேதான் நினைச்சேன்" என்றாள்.

வீட்டில் படிக்க வைப்பது என்று முடிவானதும், ஆலோசனை கேட்க லிஃப்ட்காரர் தன் அக்கா வீட்டுக்குப் போனார். ஊரில் எந்தக் கல்விமுறை புதுசாக வந்தாலும் அது முதலில் அக்கா வீட்டில்தான் இறங்கும். அக்காவுக்கு ரெட்டைப் பிள்ளைகள். போன வருஷம் அவர்கள் வெறுங்கால் கணிதம் படித்தார்கள். அதற்கு முன்னால் இருட்டுக் கல்வி. கண் என்பது கவனத்தைச் சிதறடிக்கும் உறுப்பு என்று யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். லிஃப்ட்காரர் போனபோது இரண்டு பேரும் பால்கனியில், வெயிலில், ஆளுக்கொரு பெரிய தொட்டியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னக்கா இது?"

"தாவர வழிக் கல்விடா தம்பி. செடிக்கு யாரு பாடம் நடத்தறாங்க? அது பாட்டுக்கு வளரலியா?"

"பசங்க என்ன கத்துக்கிட்டாங்க?"

"வெயில் வர்ற பக்கமா திரும்பக் கத்துக்கிட்டாங்க" என்றாள் அக்கா பெருமையாக.

"எழுதப் படிக்க?"

"எழுத்தா?" அக்கா தம்பியைப் பரிதாபமாகப் பார்த்தாள். "எந்தக் காலத்துல இருக்க நீ?"

லிஃப்ட்காரர் தொட்டி வாங்காமல் வீட்டுக்கு வந்தார். ஆனால் அக்கா ஒரு உபயோகமான விஷயம் சொல்லியிருந்தாள். வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு ஆண்டு இலக்கு ஒன்று எழுதிக் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். அதற்கென்றே ஊரில் ஒரு அலுவலகம் இருந்தது. அதன் பெயர், இல்லம்சார் கற்றல் இலக்கு நிர்ணயம், கண்காணிப்பு மற்றும் எட்டவைத்தல் அலுவலகம். வாசலில் நின்று பலகையைப் படித்து முடிப்பதற்குள் மதிய இடைவேளை வந்துவிடும்.

"என்னங்க எழுதப் போறீங்க?" என்றாள் மனைவி.

"நூறு வரை பிழையில்லாம எண்ணுவாள்னு எழுதறேன்."

"அவ ஆயிரத்தைத் தாண்டி எண்ணுவாளே! அதுவும் பின்னாடி இருந்து!"

"தெரியும்மா. நம்ம லிஃப்டுல ஆறு பேருன்னு பலகை இருக்கு. எட்டு பேரு ஏறினா அறுந்தா விழுது? தாங்கறதைவிடக் கொறைச்சுப் போடறதுதான் தொழில். நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நம்ம பேச மாட்டோம், பலகைதான் பேசும்."

மனைவிக்கு அது நியாயமாகத்தான் பட்டது. லிஃப்டுக்கு நியாயமானது குழந்தைக்கும் நியாயமாகத்தானே இருக்க வேண்டும்? அலுவலகமும் அந்த இலக்கை மறுபேச்சில்லாமல் ஏற்று, நான்கு மூலையிலும் ஒன்று, நடுவில் ஒன்று என்று முத்திரை குத்தித் தந்தது. பொடிசு மறுபடி கேள்வி கேட்க ஆரம்பித்தாள். முதல் கேள்வி, "நடுவுல எதுக்குப்பா குத்தினாங்க?"

சில நாளில் இலக்கு அதிகாரி வீட்டுக்கு வந்தார். ஆண்டு தொடங்கும்போது குழந்தைக்கு என்ன தெரியும் என்று அளந்து வைத்துக்கொள்வது அவர் வேலை. முத்திரைக் கட்டையும் மைப்பெட்டியும் வைத்த தோல் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"குழந்தாய், எண்ணு பார்க்கலாம்."

"எது வரைக்கும் சார்?"

"தெரிந்த வரைக்கும்" என்றார் அதிகாரி. அங்கேதான் அவருக்குச் சனி பிடித்தது.

பொடிசு ஆரம்பித்தாள். டீ வந்தது, ஆறியது, ஆடை படிந்தது. அவள் நூறைத் தாண்டியபோது அதிகாரியின் பேனா கீழே விழுந்தது. இருநூறைத் தாண்டியபோது அவர் அதை எடுக்கவில்லை. நானூறு பக்கம் வந்ததும் பொடிசு நிறுத்தி, "சார், பாத்ரூம் போய்ட்டு வந்து மீதியை எண்ணட்டுமா? இல்ல, இங்கேருந்து ஏழு ஏழா போகட்டுமா?" என்றாள்.

அதிகாரி எழுந்து நின்றார். சாவுச் செய்தி சொல்ல வந்தவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மிகுந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். உங்கள் குழந்தைக்கு எண்ணத் தெரிகிறது."

"நல்லதுதானே சார்?" என்றார் லிஃப்ட்காரர்.

"எப்படி ஐயா நல்லது? ஆண்டு முடிவில் எட்ட வேண்டிய இலக்கை ஆண்டுத் தொடக்கத்திலேயே எட்டி நிற்கிறாள். நடுவிலே ஒரு முழு ஆண்டு கிடக்கிறதே, அதற்கு நான் என்ன பதில் சொல்வது?"

"அப்ப இலக்கை ஏத்திடுங்க சார். பத்தாயிரம்னு போட்டுக்கலாம்."

"முத்திரை விழுந்த இலக்கை மாற்ற முடியாது."

"வேற எதைத்தான் சார் மாத்த முடியும்?"

அதிகாரி பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். ஒரு பக்கத்தில் முகம் மலர்ந்தது. "குழந்தையை மாற்றலாம். அதற்கு இடமிருக்கிறது. தொடக்கநிலைச் சீரமைப்பு என்று பெயர். குழந்தைக்குத் தேவைக்கு மேல் தெரிந்திருப்பதைப் பெற்றோர் தம் சொந்த முயற்சியில் குறைத்து, நூறுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். பருவ முடிவில் வந்து பார்ப்பேன்."

"கொறையலைன்னா?"

"பள்ளிக்கூடத்தில் பழைய இடத்திலேயே சேர்த்துவிடுவோம். கவலை வேண்டாம்."

"பழைய இடம்னா வராந்தாவா சார்?" என்றாள் பொடிசு.

அதிகாரி மறுபடி புரட்டிப் பார்த்தார். அந்தக் கேள்வி விதிப் புத்தகத்தில் இல்லை.

அவர் போனதும் வீடே உட்கார்ந்துவிட்டது. "நீ பாட்டுக்குத் தெரியாதுன்னு சொல்லிடேன் கண்ணு" என்றாள் அம்மா.

"பொய் சொல்லக் கூடாதுன்னு நீதானேம்மா சொன்ன?"

"உங்கள் அழைப்பு பயிற்சிக்காகப் பதிவு செய்யப்படுகிறது" என்று முனகிக்கொண்டே அம்மா உள்ளே போய்விட்டாள். பிள்ளையை நன்றாக வளர்த்ததன் பலனை இப்படி ஒருநாள் அனுபவிக்க வேண்டிவரும் என்று அவள் நினைக்கவில்லை.

சரி, பொய் வேண்டாம். நிஜமாகவே மறக்க வைப்போம் என்று லிஃப்ட்காரர் களத்தில் இறங்கினார். கண்ணில் படாதது கருத்தில் நிற்காது என்பது அவர் கணக்கு. கடிகாரத்தைக் கழற்றிப் பரணில் போட்டார். நாள்காட்டியைத் திருப்பி மாட்டினார். டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்திரி ஒட்டினார். பொடிசு கீழே விளையாடப் போகிற வழியில் லிஃப்ட் பொத்தான்களில் எண் இருக்கிறதே என்று, அவற்றின் மேலும் வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டார்.

அதன் பிறகு அந்த அடுக்குமாடியில் யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்பதே நிச்சயமில்லாமல் போனது. நாலாவது மாடிக்காரர் ஐந்தாவது மாடியில் இறங்கி, கதவு திறந்திருந்த வீட்டுக்குள் போய், தட்டில் இருந்ததைச் சாப்பிட்டார். 'நம்ம வீட்டைவிட நல்லாருக்கே' என்று மறுநாளும் அங்கேயே இறங்கினார். ஐந்தாவது மாடி அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. "எங்க வீட்டுக்காரரு சாப்பிட்ட தட்டைக் கழுவ மாட்டாரு. இவரு கழுவறாரு" என்றாள்.

பொடிசு அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, மொத்தம் நீ எத்தனை எடத்துல நம்பரை மறைச்சிருக்கன்னு எண்ணிச் சொல்லட்டுமா?"

லிஃப்ட்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பொடிசுக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவளுக்கும் வராந்தா வேண்டாம். எதைச் சொன்னாலும் கற்றுக்கொள்கிற பெண். மறப்பதையும் கற்றுக்கொண்டுவிடலாமே என்று தோன்றியது. "அப்பா, நீ ஸ்கூல்ல நெறைய படிச்சியா?"

"படிச்சேனே. பத்து வருஷத்துக்கு மேல."

"அதெல்லாம் இப்ப தெரியுமா?"

லிஃப்ட்காரர் யோசித்தார். ஏதோ ஒரு ராஜா, ஏதோ ஒரு சண்டை, தவளையின் வயிற்றுக்குள் ஏதோ ஒன்று. "ஒண்ணுமே நெனவில்ல கண்ணு."

"எப்படிப்பா அப்படி சுத்தமா மறந்த?"

"பரீட்சை எழுதினேன். எழுதிட்டு வெளிய வந்தா மொத்தமும் போயிடும்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. "அடியே, இங்க வா!" என்று மனைவியைக் கத்திக் கூப்பிட்டார். "வழி கெடைச்சிடுச்சு! வெறும் புத்தகத்தையும் பரீட்சையையும் வெச்சே ஊரு பூரா மறந்துட்டு உக்காந்திருக்கு. நாம என்னமோ பிளாஸ்திரி ஒட்டிட்டு இருக்கோம்!"

அன்றே பாடத்திட்டம் தயாரானது. மறப்பதற்கு நல்ல புத்தகம் எது என்ற கேள்விக்கு விவாதமே நடக்கவில்லை. பொடிசின் பழைய பள்ளிக்கூடப் புத்தகத்தையே எடுத்தார்கள். ஒரு எண்ணை நோட்டு நிரம்ப எழுத வேண்டும். எதற்கு எழுதுகிறோம் என்று கேட்கக் கூடாது. வாரக் கடைசியில் பரீட்சை. பரீட்சை முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு அடுத்த பாடம். லிஃப்டிலிருந்து கழற்றி வந்த ஒரு பழைய அபாய மணிதான் பீரியட் மணி. அது அடித்தால் பாதி வார்த்தையில் இருந்தாலும் நிறுத்திவிட வேண்டும்.

கேள்விகளை அம்மா பார்த்துக்கொண்டாள்.

"அம்மா, ஏன் ஒன்பதுக்கு அப்பறம்..."

"உங்கள் கேள்வி எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து காத்திருக்கவும்" என்று சொல்லிவிட்டு, அம்மா வாயாலேயே ஒரு இசையை முனக ஆரம்பிப்பாள். பொடிசு காத்திருப்பாள். இசை ஓடும். மணி அடித்துவிடும்.

முறை பிரமாதமாக வேலை செய்தது. முதலில் பொடிசு கொட்டாவி விட்டாள். பிறகு ஜன்னல் வழியாகப் புறா வந்தால்கூடத் திரும்பிப் பார்ப்பதை நிறுத்தினாள். இரவு சாப்பாட்டின்போது வீடு அமைதியாக இருந்தது. லிஃப்ட்காரருக்கு அந்த அமைதி எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. ஆனால் மறுநாள் பரீட்சைக்குக் கேள்வித்தாள் எழுத வேண்டியிருந்ததால் அதைப் பற்றி மேலே யோசிக்க நேரமில்லை.

பருவ முடிவில் அதிகாரி வந்தார்.

"குழந்தாய், எண்ணு."

"அது போன மாசப் பரீட்சைக்கு சார். முடிஞ்சிடுச்சு."

"ஐம்பதுக்குப் பிறகு என்ன?"

"அதை சாய்ஸ்ல விட்டுட்டேன்."

"ஐம்பதுக்கு முன்னால்?"

"அதுலேருந்து கேக்க மாட்டாங்க சார்."

அதிகாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயா! அப்படியே பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரியே இருக்கிறாள்! என் பணிக்காலத்தில் இப்படியொரு சீரமைப்பை நான் கண்டதில்லை!" என்று லிஃப்ட்காரரைக் கட்டிக்கொண்டார். பையில் இருந்த முத்திரைகளில் எதைக் குத்துவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் குத்தினார். ஆண்டு முடிவில் பொடிசு நூறு வரை எண்ணி, நூறில் டக்கென்று நின்றபோது, இந்த வீடு ஊருக்கே முன்மாதிரி என்று அறிவித்துவிட்டார்.

நிஜமாகவே மறந்தாளா, இல்லையா? லிஃப்ட்காரர் மகளின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. கேட்கலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் வாசலில் கூட்டம்.

முன்னால் அக்கா. இரண்டு தொட்டிகளையும் தெருவிலேயே விட்டுவிட்டு, ரெட்டைப் பிள்ளைகளின் தலையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே ஏறி வந்தாள். "டேய் தம்பி, மறதி வழிக் கல்வியாமே! கூடப் பொறந்தவகிட்ட சொல்லணும்னு தோணலியா உனக்கு?"

அவளுக்குப் பின்னால் ஊரே நின்றது. பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுபோன பிள்ளைகள், பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திக் கூட்டிவந்த பிள்ளைகள். பெற்றோருக்குள் போட்டி ஆரம்பித்துவிட்டது.

"என் பையன் நேத்துப் படிச்சதை இன்னிக்கே மறந்துடுவான்."

"நேத்தா? என் பொண்ணு படிக்கறப்பவே மறந்துடுவா."

"எங்க வீட்டுப் பையனுக்குப் படிக்கறதுக்கு முன்னாடியே மறந்துடும்ங்க. பொறவியிலேயே அப்படி."

எல்லோரும் அந்தக் கடைசி அம்மாவைப் பொறாமையோடு பார்த்தார்கள்.

கூடத்தில் இடம் நிறைந்தது. சமையலறையில் இரண்டு பிரிவு. கட்டிலின் மேல் ஒரு வகுப்பு, கட்டிலுக்குக் கீழே ஒரு வகுப்பு. அதிகாரி வந்து பார்த்து, விதிப்படி பெரிய பலகை ஒன்றை வாசலில் மாட்டினார். இவ்வளவு பிள்ளைகள் ஓரிடத்தில் சேர்ந்தால் அது வீடு ஆகாது, பள்ளிக்கூடம்தான் ஆகும் என்று விளக்கினார். லிஃப்ட்காரர் தலைமை ஆசிரியர். கழுத்துப்பட்டை ஒன்றும் கட்டிவிட்டார்கள். மாடிப்படியெல்லாம் பிள்ளைகள் உட்கார்ந்து ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதினார்கள். அடுக்குமாடியே தேனீக் கூடு மாதிரி முனகியது.

இந்தக் கூத்துக்கு நடுவில் பொடிசு தலைமை ஆசிரியரின் முன்னால் வந்து நின்றாள். தோளில் பை. கையில் தண்ணீர் பாட்டில்.

"நான் கெளம்பறேன்பா."

"எங்க?"

"ஸ்கூலுக்கு."

"இதுதானே கண்ணு ஸ்கூல்?"

"அதான். நீ வீட்டுல படிக்க வெக்கறேன்னுதானே சொன்ன? வீடு எங்க?"

லிஃப்ட்காரர் சுற்றிப் பார்த்தார். வீட்டைக் காணவில்லை.

"பழைய ஸ்கூலுக்குப் போறேன்" என்றாள் பொடிசு. "நேத்துப் போய்ப் பாத்தேன். எல்லாரும் இங்க வந்துட்டதால அங்க யாருமே இல்ல. டீச்சர் மட்டும் தனியா உக்காந்திருக்காங்க. பசங்க இல்லாததால போர்ஷன் கெடையாதாம். பூஜ்யத்தால பெருக்கினா எல்லாம் எங்க போகுதுன்னு மறுபடி கேட்டேன். 'அட ஆமா, எங்கதான் போகுது, வா ரெண்டு பேரும் பாக்கலாம்'னு ஒரு பை புளியங்கொட்டையை எடுத்துத் தரையில கொட்டினாங்கப்பா!"

அவள் கண் மின்னியது. புறாக்களை எண்ணிய அதே கண். லிஃப்ட்காரருக்கு என்னவோ செய்தது. கழுத்துப்பட்டையைக் கழற்றினார்.

"ஐயா! எங்கே போகிறாள் அவள்?" அதிகாரி ஓடி வந்தார். "பதிவில் இருக்கிற குழந்தை வெளியேறினால் அதற்கு இடைநிற்றல் என்று பெயர். இந்தப் பள்ளிக்கூடத்தின் முதல் இடைநிற்றல்!"

"ஸ்கூலுக்குத்தானே சார் போறா?"

"எங்கே போகிறாள் என்பது கேள்வி இல்லை. எங்கிருந்து போகிறாள் என்பதுதான் கேள்வி. தலைமை ஆசிரியர் நேரில் போய் அழைத்துவர வேண்டும். அது விதி."

"விதியா?" லிஃப்ட்காரர் செருப்பை மாட்டிக்கொண்டார். "விதின்னா மீற முடியுமா சார்? இதோ போறேன்."

மகளின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். இருவரும் படியிறங்கினார்கள். "அப்பா, இந்தப் பூஜ்யம் இருக்கே... அது மொதல்ல யாரு வீட்டுல இருந்துச்சு?" என்ற பொடிசின் குரல் கீழே போகப் போகத் தேய்ந்தது. "தலைமை ஆசிரியரைக் காணவில்லை. உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று பிள்ளைகளிடம் அறிவித்துவிட்டு, மனைவியும் அபாய மணியை, குழந்தையைத் தொட்டிலில் போடுவது போல மெதுவாகத் தரையில் வைத்துவிட்டுப் பின்னாலேயே இறங்கினாள்.

இதையெல்லாம் அக்கா மாடிக் கைப்பிடியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் தெருவில் நடந்து பழைய பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்புவது தெரிந்தது. அக்காவின் முகம் மெல்ல மெல்லப் பிரகாசமானது.

"அடடே! புது முறை! பழைய ஸ்கூலுக்கே போற முறை!" என்று கத்தினாள். "வாங்கடா பசங்களா, நமக்கு மொத வரிசை கெடைக்கணும்!"

அவ்வளவுதான். நோட்டுகள் மூடின. கட்டிலுக்குக் கீழே இருந்த வகுப்பு மேலே வந்தது. ஊரே ஒருவர் முதுகை ஒருவர் இடித்துக்கொண்டு தெருவில் இறங்கியது. "எங்க பையன் இந்த முறைக்குப் பொறவியிலேயே..." என்று அந்த அம்மா நடந்துகொண்டே ஆரம்பித்துவிட்டாள்.

கூடத்தில் அதிகாரி மட்டும் நின்றார். எங்கே பார்த்தாலும் காலி. பிறகு அவருக்குத் திடுக்கென்று ஒன்று தோன்றியது: அங்கே அவ்வளவு பிள்ளைகள் இலக்கே இல்லாமல் போய் உட்கார்ந்துவிட்டால்? யாராவது எதையாவது தெரிந்துகொண்டுவிட்டால்?

மைப்பெட்டியைத் திறந்து பார்த்தார். மை இருந்தது. தோல் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, டீச்சர் எந்த வகுப்பில் இருப்பார் என்று விசாரித்துக்கொண்டே, அவரும் அந்தப் பக்கமாக வேகவேகமாக நடந்து போனார்.